ஆலயத் திறப்பு யார் கையில்?

கேள்வி:

போதகர் ஐயா, எனக்கு 38 வயது. ஆசிரியை. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவிக்கரை ஊர் ஒன்றில் இருக்கிற சிறிய மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு ஆராதனைக்கு 35 பேர் வந்தால் அதிகம். எங்கள் போதகருக்கு எங்களோடு சேர்த்து நாலு ஆலயங்கள். மாதத்தில் ஒரு தடவை, சில வேளை இரண்டு தடவைதான் வருவார். நான் ஓகன் வாசிக்கிறேன். ஒன்பது பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரும் நான்தான். காணிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிக் கணக்கு எழுதுகிறேன். ஆலயத் திறப்பும் (சாவியும்) என்னிடம்தான். புதிதாக எதையாவது செய்வோம் என்றால் பெரியவர்கள் விடமாட்டார்கள், வேலை என்று வந்தால் மட்டும் என்னைப் பார்ப்பார்கள். ஓகனைச் சுற்றி நிற்கிற இரண்டு பொடியன்களைத் தவிர வாலிபர் என்று யாரும் இல்லை. இப்போது போதகர் என்னைப் பிரசங்கியார் பயிற்சியில் சேரச் சொல்கிறார். "பொம்பிளைப் பிள்ளை பிரசங்க மேடையில் ஏறுவதா?" என்று ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். "எங்கள் வீட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டாமா?" என்று என் கணவர் கேட்கிறார். டவுனில் புதிதாக எழும்பிய பெரிய சபைக்கு என் சிநேகிதிகள் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் போனால் எங்கள் சபை மூடிப்போகுமோ என்று பயம். இருந்தால் நான் முடிந்துபோவேனோ என்று பயம். என்ன செய்ய?

பதில்:

மகள், உங்கள் கடிதத்தில் என் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது அந்தத் திறப்பில்தான். 35 பேர் கூடுகிற ஆலயத்தின் கதவு ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஆராதனை வெளியில்தான். மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் இதைப் பற்றிக் கதைப்போம்.

நான் முதன்முதலில் பொறுப்பெடுத்த சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் கீழ் இருக்கிற ஆலயத் தொகுதியில், ஐந்து ஆலயங்கள். ஆகச் சிறியதில் ஒரு அக்கா இருந்தார். கூட்டுவது, பூ வைப்பது, திருவிருந்துத் துணி தோய்ப்பது, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது எல்லாம் அவர்தான். ஒருநாளும் "ஏலாது" என்று சொன்னதில்லை. அதனால் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷக் கடைசியில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். மாதம் இரண்டு தடவை மட்டும் போகிற எனக்கு அது விளங்கவே இரண்டு மாதம் எடுத்தது. வீடு தேடிப் போனேன். தேத்தண்ணீர் தந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நான் ஆலயத்தில் ஜெபம் பண்ணி எவ்வளவு காலம் தெரியுமா? வேலைக்குத்தான் வந்துகொண்டிருந்தேன்." எனக்குப் பதில் வரவில்லை. அவர் திரும்பி வந்தார், ஆனால் மூன்று வருஷம் கழித்து, வேறொரு போதகரின் காலத்தில். அந்த மூன்று வருஷத்துக்கு நானும் பொறுப்பு. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: சபையை விடுவதா இருப்பதா என்று இப்போது முடிவெடுக்க வேண்டாம். முதலில் வேலைகளில் பாதியை இறக்கி வையுங்கள். களைத்துப்போன ஆள் எடுக்கிற முடிவில் பாதி களைப்பினுடையது.

எதை இறக்குவது? முதலில் காணிக்கை. இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். காணிக்கையை இனி ஒருநாளும் தனியாக எண்ணாதீர்கள், வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். ஆராதனை முடிந்த கையோடு, ஆலயத்திலேயே, ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர் எண்ணி, கொப்பியில் தொகையை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை என்று தெரியும். ஆனால் சேகரத்துக்குக் கட்டவேண்டிய பங்கு ஒரு மாதம் குறைந்தால், சின்ன ஊரில் கேள்வி யாரைப் பார்த்துத் திரும்பும்? இரண்டாவது கையெழுத்து உங்களுக்குத்தான் பாதுகாப்பு. எண்ணுகிற இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கவும் தேவையில்லை. சபையில் பென்ஷன் எடுத்த ஒருவராவது இருப்பார், கணக்குப் பார்த்துப் பழகியவர். அவரிடம் போய்க் கேளுங்கள். இவ்வளவு காலம் தன்னை யாரும் கேட்கவில்லை என்ற மனக்குறைகூட அவருக்கு இருக்கலாம்.

அடுத்தது திறப்பு. இன்னும் இரண்டு திறப்பு வெட்டுங்கள். ஒன்றை ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டுச் சபையாரிடம் கொடுங்கள், மற்றது யாருக்கு என்று பிறகு சொல்கிறேன். பெண்கள் ஐக்கியச் செயலாளர் பதவியை வருகிற தெரிவோடு விட்டுவிடுங்கள். அதை எடுத்து நடத்த ஆள் வராவிட்டால் ஒரு வருஷம் செயலாளர் இல்லாமல் இருக்கட்டும். கூட்டறிக்கை எழுதாததால் எந்த ஐக்கியமும் கலைந்ததில்லை.

ஓகன்தான் கஷ்டம், எனக்குத் தெரியும். அதில் உங்கள் மனம் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு பொடியன்கள் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நிற்கிறார்கள் என்று யோசித்தீர்களா? அவர்களுக்கு ஒரு கீர்த்தனையை மட்டும் பழக்குங்கள், ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு அதை அவர்கள் வாசிக்கட்டும். பிழையாகத்தான் வாசிப்பார்கள், சுருதி ஒரு பக்கம், சபை ஒரு பக்கம் போகும். அப்போது நீங்கள் எழும்பி ஓகனுக்கு ஓடாமல், கடைசி வாங்கில் இருந்து சத்தமாகப் பாடுங்கள். நம் கீர்த்தனைகளுக்கு ஓகன் கட்டாயமும் இல்லை. கைத்தாளத்தோடு அரை மணி நேரம் பாடிய சபைகளை நான் பார்த்திருக்கிறேன், அங்கே பாடாமல் இருந்த ஒரு வாய்கூட இல்லை. அந்த இரண்டாவது திறப்பு இருக்கிறதே, அது இந்தப் பொடியன்களில் மூத்தவனுக்கு. சனிக்கிழமை பின்னேரம் அவனே ஆலயத்தைத் திறந்து பழகட்டும். திறப்பைக் கையில் வாங்கிய பிள்ளை அந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைக்கும்.

ஞாயிறு பாடசாலையை மட்டும் விடாதீர்கள். கடிதத்தில் மற்ற எல்லா வேலையையும் நீங்கள் பெயர் சொல்லி எழுதிவிட்டுப் போகிறீர்கள், பிள்ளைகளை மட்டும் "ஒன்பது" என்று எண்ணிச் சொல்கிறீர்கள்.

சரி, இவ்வளவையும் இறக்கினால் சபை மூடிப்போகுமோ என்ற பயத்துக்கு வருவோம்.

தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்த கதையை நீங்கள் பாடசாலையிலேயே கேட்டிருப்பீர்கள். கோக் கப்பலிலேயே மே 3ஆம் தேதி இறந்துபோனார், அவரைக் கடலில்தான் அடக்கம் செய்தார்கள். தலைவர் இல்லாமல் ஜூன் 29ஆம் தேதி காலியில் இறங்கிய ஐந்து பேரில் ஒருவர் வில்லியம் ஓல்ட். அவருடைய மனைவியும் அதே பயணத்தில் கடலில் இறந்திருந்தார். மட்டக்களப்புக்கு அவர் தனியாக வந்தார். அவருக்குக் கிடைத்த காலம் எட்டே மாதம். பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார், தமிழ் படித்தார், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியம் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் தொடங்கிய வேலையிலிருந்து வந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் மணி அடிக்கிறது. மகள், ஒரு ஆள் இல்லாமல் போனதால் நம் சபை முடிந்துபோவதென்றால் அது 1815இலேயே முடிந்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஆலயம் தனித்து நிற்கிற ஆலயம் இல்லை, சேகரத்தில் ஒன்று. நாலு ஆலயங்களுக்கு ஒரு போதகர் என்பதை நீங்கள் குறையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு உதவியும் இருக்கிறது. மற்ற மூன்று ஆலயங்களில் ஒன்றிலாவது ஓகன் வாசிக்கிற ஒருவர் இருப்பார். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் எல்லா ஆலயத்திலும் இருப்பார்கள், அவர்களும் உங்களைப் போலவே தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நாலு ஆலயத்து ஆசிரியர்களும் கூடிப் பாடத்தைச் சேர்ந்து ஆயத்தப்படுத்தினால் வேலை நாலில் ஒன்றாகும். இதை அடுத்த சேகரக் கூட்டத்தில் கேளுங்கள். போதகரிடம் வாசலில் வைத்துச் சொல்லாமல், கூட்டத்தில் எழுந்து கேட்டு அறிக்கையில் பதியச் செய்யுங்கள். ஒரு சபை பலவீனப்பட்டால் அதைப் பற்றி யோசிக்க வேண்டியது சேகரமும் திருச்சபையும். அந்தப் பாரத்தை ஒரு ஆசிரியை தலையில் யாரும் வைக்கவில்லை, நீங்களாக எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

இறக்கி வைத்த இடத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாமல் இரண்டு மாதம் இருங்கள் என்பேன். அதன் பிறகு ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பழைய கதைக்குப் போகவேண்டும்.

1742இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தருக்கு ஒரு கடன் இருந்தது. அவர்கள் கட்டிய ஆலயத்தின் கடன். எப்படி அடைப்பது என்று கூடிக் கதைத்தார்கள். ஃபோய் என்ற ஒரு கப்பல் கப்டன் எழும்பி, "கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம்" என்றார். "பலபேர் ஏழைகள், அதற்கும் வழியில்லை" என்றார் இன்னொருவர். அதற்கு ஃபோய் சொன்ன பதிலிலிருந்துதான் நம்முடைய முறையே பிறந்தது. ஆக ஏழைகளான பதினொரு பேரைத் தன்னிடம் விடச் சொன்னார். வாரந்தோறும் அவர்களைத் தானே போய்ப் பார்ப்பதாகவும், அவர்களால் கொடுக்க முடியாததைத் தானே போடுவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுப்பெடுத்தார்கள். காசு வாங்கத்தான் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் யார் நோயாளி, எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று கண்டார்கள். வந்து, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை காலம் தான் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்கு விளங்கிவிட்டது. நம் பெரியவர்கள் வகுப்புக் கூட்டம் என்று சொல்வார்களே, அது இப்படி ஒரு கட்டடக் கடனிலிருந்து வந்தது.

உங்கள் சபையில் 35 பேர். பொறுப்பாளரையும் சேர்த்துப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் மூன்று வகுப்பு. அவ்வளவுதான் உங்கள் சபை! பெரிய சபை ஒன்றின் போதகர் இப்படி எண்ணிப் பார்க்க ஆசைப்படுவார், அவரால் முடியாது. உங்களால் முடியும். ஒரு பன்னிரண்டு பேரை நீங்கள் எடுங்கள், மற்ற இரண்டுக்கும் வேறு இரண்டு பேர். வாரம் இரண்டு வீடு போதும். போகும்போது வேதப்பாடம் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். சாப்பிட்டீர்களா, இரவில் நித்திரை வருகிறதா, மத்திய கிழக்கில் இருக்கிற மகள் கோல் எடுத்தாளா, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேளுங்கள். இருந்து கேளுங்கள், ஜெபித்துவிட்டு வாருங்கள். வரும் வழியில் உங்களுக்கே தெரியும், இது வேலை மாதிரி இல்லையே என்று. ஓகன் வாசிப்பவரும் கணக்கு எழுதுபவரும் வேறு எங்கும் கிடைப்பார்கள். அந்த 35 பேரின் பெயரும், அவர்கள் பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எந்தக் காலில் நோ என்பதும் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது?

பெரியவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அவர்கள் வயதை எண்ணிப் பாருங்கள். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரை இல்லாத ஆலயத்தைக் கூட்டித் துப்புரவாக்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? கையில் மிஞ்சிய ஒன்றை இறுக்கிப் பிடித்திருப்பவர் புதிதாக எதற்கும் "சரி" சொல்ல மாட்டார். அவர்களிடம் அனுமதி கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, கதை கேளுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வருமே, அதற்கு முந்திய ஞாயிறு அவர்களில் ஒருவரை ஞாயிறு பாடசாலைக்குக் கூப்பிட்டு, அந்தக் காலத்துப் பண்டிகையில் நெல்லும் பூசணிக்காயும் எப்படி ஏலம் போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். இது எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை, சிலர் கடைசிவரை மாறமாட்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்த மூன்று வகுப்பு.

டவுன் சபைக்குப் போவது பாவமில்லை. அங்கேயும் கர்த்தர் இருக்கிறார், அங்கே ஆறுதல் அடைந்த பலரை எனக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு ஒரு வேலையும் இல்லாமல் கணவரோடும் பிள்ளைகளோடும் ஒரே வாங்கில் இருந்து ஆராதியுங்கள் என்று நானே சொல்வேன். உங்கள் கணவர் கேட்ட ஞாயிற்றுக்கிழமை அது, கேட்டது சரியான கேள்வி. அது உங்கள் ஆலயத்திலேயே நடக்க முடிந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் வேறெங்காவது போங்கள், ஒளித்துப் போகவேண்டாம், போதகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆறு மாதம் இப்படி இருந்து பார்த்த பிறகும் மனம் அங்கேயே இழுத்தால், அப்போது சமாதானத்தோடு போகலாம்.

புதுவருஷத்தின் முதல் ஞாயிறு நாம் எல்லாரும் எழும்பி நின்று உடன்படிக்கை ஜெபம் சொல்கிறோமே, அதை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். 1755 ஆகஸ்டில் லண்டனில் வெஸ்லி முதன்முதல் நடத்திய உடன்படிக்கை ஆராதனையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வருவது அது. உமக்காக வேலை செய்யவும் ஆயத்தம், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் ஆயத்தம் என்ற பொருளில் ஒரு இடம் வரும். முதல் பாதியை நீங்கள் பல வருஷம் நிறைவேற்றிவிட்டீர்கள். இரண்டாவது பாதியும் அதே ஜெபத்தில்தான் இருக்கிறது. ஓய்ந்திருப்பதை நாம் தேவனுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறோம், வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக அந்தப் பயிற்சி. சேருங்கள், ஆனால் நான் மேலே சொன்ன மூன்றையும் இறக்கிய பிறகு. இருக்கிற பாரத்துக்கு மேல் ஆறாவதாக அதையும் ஏற்றினால் நானே வந்து தடுப்பேன். போதகர் இல்லாத ஞாயிறுகளில் மேடையில் நிற்பவர்கள் வெளியூர்ப் பிரசங்கியார்மார் என்றால், உங்கள் ஊரின் துக்கமும் சந்தோஷமும் தெரிந்த ஒரு குரல் அங்கே வேண்டும். உங்கள் போதகர் அதைக் கண்டுதான் கேட்டிருக்கிறார். படிப்பும் உண்டு, அனுபவமுள்ள ஒருவரோடு போய்ப் பழகுகிற காலமும் உண்டு, யாரும் உங்களை உடனே மேடையில் ஏற்றிவிட மாட்டார்கள்.

பொம்பிளைப் பிள்ளை ஏறுவதா என்று கேட்டவருக்குச் சண்டைக்கு அல்ல, உங்கள் தைரியத்துக்கு ஒன்று சொல்கிறேன். 1761 பெப்ரவரியில் இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் சேரா குரோஸ்பி என்ற ஒரு பெண் வகுப்புக் கூட்டம் நடத்தப் போனார். முப்பது பேர் அளவில் வருவார்கள் என்று நினைத்திருந்தார். ஏறக்குறைய இருநூறு பேர் வந்து நின்றார்கள். அத்தனை பேரோடு ஒவ்வொருவராகக் கதைக்க முடியாது. அதனால் பாட்டொன்று பாடி, ஜெபித்து, கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லாருக்கும் சொன்னார். செய்தது சரியோ பிழையோ என்று பயந்து வெஸ்லிக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் வரம்பு மீறவில்லை என்று வெஸ்லி பதில் எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் மெதடிஸ்த மேடைகளில் நின்றுவிட்டார்கள். இன்றைக்கு நம் திருச்சபையில் பெண் போதகர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெரியவருக்கும் இது தெரியாமல் இல்லை, தன் சபையில் நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

போதகருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். கோபத்தை எழுதாமல் களைப்பை எழுதுங்கள், இறக்கப்போவதைத் தேதியோடு எழுதுங்கள், இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். அப்புறம், பயிற்சி முடிந்து, எந்த ஞாயிறு யார் பிரசங்கிப்பது என்று போடுகிற பிரசங்கத் திட்டத்தில் உங்கள் பெயர் முதன்முதல் வருகிற நாளைக்கு முன், அந்தப் பெரியவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். அன்றைய ஆரம்ப ஜெபத்தை அவரை நடத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.